அடைபட்ட பித்தக்கானும் உலோகக் குழாயும்

கண்ணின் வெண்மை மஞ்சளாகிறது, சிறுநீர் கறுக்கிறது, மலம் வெளிறுகிறது, இரவெல்லாம் உடலைச் சொறிந்து சொறிந்து உறக்கமும் போய்விடுகிறது. செங்கண்மாரியின் இக்குறிகளுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் கொடியது, ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் பித்தக்கானைப் புற்றுநோய் நெரித்து அடைத்துவிடுவதாகும். பெரும்பாலும் அப்புற்று, சதையி எனப்படும் கணையத்தின் தலைப்பகுதியிலே தோன்றுவது.

சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே சத்திரசிகிச்சை நிபுணராக விளங்கிய கூர்வோசியே, செங்கண்மாரியோடு பித்தப்பையும் வீங்கிக் கைக்குத் தட்டுப்படுமாயின் அடைப்புக்குக் காரணம் கல்லாக இருப்பது அரிது என 1890இல் எழுதினார். கல்லன்று எனின் வேறு யாது? விடை பெரும்பாலும் புற்றே. நோயை அறியக் கை கற்றுக்கொண்டது, நீக்கக் கற்றுக்கொள்ளவில்லை. 1935இல் நியூயோர்க்கின் அலன் விப்பிள் கட்டியை வெட்டியகற்றும் பெரிய சத்திரசிகிச்சையொன்றை விவரித்தார். எனினும், மறைந்து வளரும் இந்நோய் வெளிப்படும்போது பெரும்பாலோர்க்குக் காலம் கடந்திருக்கும். எஞ்சிய வழி, வயிற்றைத் திறந்து, பித்தப்பையையோ பித்தக்கானையோ குடலோடு தைத்துப் பித்தநீருக்கு மாற்றுவழி அமைப்பதே. சில மாதங்களே வாழவிருந்த நோயாளி, அவற்றுட் பல வாரங்களைக் காயம் ஆறுவதற்கே கொடுக்க வேண்டியிருந்தது.

வயிற்றைத் திறவாமலே பித்தக்கானை அடைய இயலுமா? 1968இல் வாஷிங்டனில் வில்லியம் மக்கியூன் குழுவினர், வாய்வழியே செலுத்திய உள்நோக்குக் குழாயினூடாக அதன் வாயிலை எட்டினர். 1974இல் ஜேர்மனியிலும் யப்பானிலும் அவ்வாயிலை உள்ளிருந்தே கீறித் திறந்தனர். இந்தோனேசியாவிற் பிறந்து ஹம்பேர்க் நகரிற் பணியாற்றிய நிப் சோஹேந்திரா, 1979ஆம் ஆண்டளவில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயொன்றை அவ்வழியே அடைப்பினூடு செலுத்தி நிறுத்தினார். தேங்கிய பித்தநீர் குடலுக்கு இறங்கிற்று. இத்தகைய தாங்குகுழாய்க்கு வழங்கும் ஸ்ரென்ற் என்னும் பெயர், பல்லின் அச்செடுக்கும் பசையொன்றை ஆக்கிய சார்ல்ஸ் ஸ்ரென்ற் என்ற இலண்டன் பல்வைத்தியரிடமிருந்து வந்ததென்பர். அவருக்கும் பித்தக்கானுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை!

ஆனால் பிளாஸ்டிக் குழாயின் துவாரம் மூன்று மில்லிமீற்றரளவே. உள்நோக்குக் குழாயினூடு அதனிலும் பெரியது செல்லாது. கிருமிகள் படிந்து, சேறு திரண்டு, மூன்று நான்கு மாதங்களில் அது அடைபடும். குளிரும் காய்ச்சலும் வரும். நோயாளி மீண்டும் வைத்தியசாலைக்கு வரவேண்டும்.

இவ்விடரை உலோகம் தீர்த்தது. சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் ஹான்ஸ் வால்ஸ்தென் உருக்குக் கம்பியால் வலைபோற் பின்னிய குழாயொன்றை அமைத்தார். ஒடுங்கிய உறையினுள் அடங்கிச் சென்று, உறையை இழுத்ததும் தானே விரிந்து 10 மில்லிமீற்றர் அகலங்கொள்வது அதன் சிறப்பு. 1980களின் இறுதியில் அது பித்தக்கானிலும் இடப்பட்டது. பின்னர் நிக்கலும் தைட்டேனியமும் கலந்த நிற்றினோல் வந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் ஏவுகணையின் மூக்குக்காகத் தேடிய உலோகம், மரணத்தறுவாயிலிருப்போரின் அரிப்பைத் தணிக்க உதவியது விந்தையே.

105 நோயாளரை இரு பிரிவாக்கி அம்ஸ்ரடாமில் நடத்திய சோதனையின் முடிவு 1992இல் வெளியாயிற்று. பிளாஸ்டிக் குழாய் 126 நாள் திறந்திருக்க, உலோகக் குழாய் 273 நாள் திறந்திருந்தது. இவை இடைநிலைக் கணக்கு. ஆனால் ஆயுள் நீளவில்லை. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே காலமே வாழ்ந்தனர். அதனால் அச்சோதனை வீணென்று கொள்வது தவறு. கிடைத்த நாட்களைக் காய்ச்சலின்றி வீட்டிற் கழிப்பது சிறு பேறன்று.

வலையின் கண்களூடே புற்று உள்வளர்வதைத் தடுக்கச் சவ்வுபோர்த்த குழாய்கள் வந்தன. அவையோ இடம்பெயர்ந்து நழுவும் இயல்புடையன. 2011இல், நான்கு மருந்துகளைச் சேர்த்தளிக்கும் சிகிச்சை, பரவிய கணையப் புற்றுடையோரின் இடைநிலை ஆயுளை 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதமாக உயர்த்தியமை அறிவிக்கப்பட்டது. செங்கண்மாரி தணியாதவர்க்கு இத்தகைய மருந்தேற்றுவது ஆபத்து. ஆகவே அரிப்பைத் தணிக்க வந்த கம்பிவலை, மருந்துக்கு முன்னே வழிதிறக்கும் வேலையையும் ஏற்றுக்கொண்டது.