பாதுஷா வைத்த பாக்கி

பேரம் என்றால் விலையைக் குறைத்துக் கேட்பது மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். பணம் தரும் தேதியைத் தள்ளிப் போடுவதும் பேரம்தான் சார்! வட்டிக் கணக்கிலேயே காலம் தள்ளும் என் மாதிரி பாங்க்காரனுக்கு இது சட்டென்று உறைக்கும். இங்கே பழைய தில்லியில், பல்லிமாரான் பக்கம் காசிம் ஜான் சந்தில் குடியிருந்த கவிஞர் மிர்சா காலிப்புக்கும் உறைத்திருக்கிறது.

1850-ல் பாதுஷா பகதூர் ஷா ஜாபர் அவரிடம் ஒரு வேலை கொடுத்தார். தைமூர் வம்சத்தின் வரலாற்றைப் பாரசீகத்தில் எழுத வேண்டும். வருஷத்துக்கு 600 ரூபாய், அதாவது மாசம் 50. ஆனால் பணம் கைக்கு வருவது ஆறு மாசத்துக்கு ஒரு முறை!

அதுவரை வீட்டுச் செலவுக்குக் கடன்தான். (மதுக் கணக்கு வேறு!) மாசா மாசம் கொடுங்கள் என்று பாதுஷாவுக்குக் கவிதையிலேயே மனு போட்டார். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு சேட் கூட்டாளி ஆகிவிட்டான் என்று அதில் புலம்புகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 ரூபாயில் மிச்சம் 33 சொச்சம். பாதுஷா ஒரு பைசா குறைக்கவில்லை, ஆனாலும் கூலி குறைந்துவிட்டது.

பாதுஷாவையும் திட்ட மனசு வரவில்லை. கம்பெனி தந்த மாசம் ஒரு லட்சம் பென்ஷனில் கோட்டை நிறைய உறவுகளைக் காப்பாற்றியவர்.

இத்தனைக்கும் காலிப் மகா ரோஷக்காரர். வாசலுக்கு வந்து வரவேற்கவில்லை என்பதற்காக தில்லி காலேஜ் வேலையையே வேண்டாம் என்று பல்லக்கைத் திருப்பியவர் என்பார்கள். அவரே தேதி கேட்க வெட்கப்படவில்லை.

எங்கள் கிளைக்கு ஓவர்டிராஃப்ட் கேட்டு வரும் மொழிபெயர்ப்பாளர்கள், டிசைனர்கள் கதை தலைகீழ். ரேட்டில் 500 ரூபாய்க்கு ஒரு வாரம் மல்லுக்கட்டுவார்கள். பணம் எப்போது வரும் என்று கேட்கக் கூச்சம்! 2006-ம் வருஷச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. வைத்தால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. நிறைய பேர் பதிவே செய்வதில்லை.

காலிப்புக்கு அந்தச் சட்டமெல்லாம் கிடையாது. எழுதிய வரலாறும் முதல் பாகத்தோடு, ஹுமாயூன் வரைக்கும் வந்து நின்றது. 1857 கலகத்துக்குப் பிறகு பாதுஷாவையே ரங்கூனுக்கு நாடு கடத்திவிட்டார்கள். அதற்கப்புறம் சம்பளத்தை யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே மக்களே, ரேட் பேசும்போதே தேதியையும் பேசிவிடுங்கள்.