கொடுப்பவன் கண்

தானம் வாங்குகிறவன் கை கீழே இருக்கும். கொடுக்கிறவன் கை மேலே இருக்கும். கைகளைப் பற்றி நம் பெரியவர்கள் நிறையச் சொல்லியாயிற்று. கண்களைப் பற்றித்தான் அதிகமாக யாரும் யோசிக்கவில்லை. கொடுப்பவன், வாங்குகிறவன் முகத்தைப் பார்க்கலாமா, கூடாதா? அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் தர்மம் வளர்ந்த சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், முழுவதும் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிய கதையாகவே தோன்றுகிறது.

1891-ஆம் வருஷம், ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் இரட்சணிய சேனையைச் சேர்ந்த காப்டன் ஜோஸப் மக்ஃபீ என்பவர், பண்டிகையன்று ஆயிரம் ஏழைகளுக்குச் சாப்பாடு போட ஆசைப்பட்டார். ஆசை இருந்தது, காசு இல்லை. முன்பு மாலுமியாக இருந்த நாளில், லிவர்பூல் துறையில் ஒரு பெரிய பாத்திரத்தை வைத்து, போகிறவர் வருகிறவரெல்லாம் அதில் காசு போட்டதைப் பார்த்திருந்தார். அதே மாதிரி ஒரு பாத்திரத்தைப் படகுத்துறையில் கொண்டுபோய் வைத்தார். காசு சேர்ந்தது, விருந்தும் நடந்தது. போட்டவர் யார், உண்டவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. இன்றும் அமெரிக்கத் தெருக்களில் டிஸம்பர் மாதம் மணியடித்து நிற்கும் சிவப்புக் கொப்பரை, அந்தப் பாத்திரத்தின் வாரிசுதான்.

அதே சேனை 1899-இல் நியூயார்க்கில் மாடிஸன் ஸ்கொயர் கார்டன் என்ற பிரம்மாண்டமான மண்டபத்தில் ஏழைகளுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து வைத்தது. ஆயிரக்கணக்கான பேர் சாப்பிட்டார்கள். அதில் விசேஷம் என்னவென்றால், கனதனவான்கள் டிக்கட் வாங்கிக்கொண்டு மேலே ஆசனங்களில் உட்கார்ந்து, கீழே பசித்தவர்கள் உண்பதை வேடிக்கை பார்த்தார்கள்! டிக்கட் பணமும் தர்மத்துக்குத்தான் போயிற்று என்று சமாதானம் சொல்லலாம். ஆனாலும், ஒவ்வொரு கவளத்தையும் நூறு கண்கள் எண்ணும்போது அந்தச் சோறு தொண்டையில் எப்படி இறங்கியிருக்கும்?

இனிக் குழந்தைகளின் சங்கதிக்கு வருவோம். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் குழந்தைகள் எழுதும் கடிதங்களை ஒரு காலத்தில் டெட் லெட்டர் ஆபீஸுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். விலாசம் இல்லாத ஆளுக்கு எழுதினால் வேறு என்ன கதி? 1912-இல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஃபிராங்க் ஹிட்ச்காக், அந்தக் கடிதங்களைத் தபால் சிப்பந்திகளும் பொது ஜனங்களும் எடுத்துப் பதில் எழுதலாம் என்று அனுமதி கொடுத்தார். சர்க்கார் பிறப்பித்த உத்தரவுகளில் இவ்வளவு ஈரமுள்ள உத்தரவு அபூர்வம்.

மறு வருஷமே நியூயார்க்கில் ஜான் க்ளக் என்ற மனிதர், கிறிஸ்துமஸ் தாத்தா சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, அந்நகரத்துக் கடிதங்களுக்கெல்லாம் தாமே பொறுப்பேற்றுக்கொண்டார். பரிசுகள் பல குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது உண்மை. ஆனால் அதோடு நிற்கவில்லை. தபால் செலவுக்கு, கட்டடம் கட்டுவதற்கு என்று பணமாகவும் கேட்டு வாங்கினார். கட்டடம் எழும்பவே இல்லை. கடைசியில் அதிகாரிகள் கணக்குக் கேட்டபோது திருப்தியான பதில் வரவில்லை. 1928-இல் தபால் இலாகா அவருக்குக் கடிதங்களைக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள்? கொடுப்பவன் கண்ணை மூடிக்கொண்டால், நடுவில் நிற்பவன் கை நீண்டுவிடுகிறது.

பார்த்தால் வாங்குகிறவனுக்கு அவமானம். பார்க்காவிட்டால் இடையில் நிற்பவனுக்கு லாபம். இந்தச் சிக்கலை எப்படி அவிழ்ப்பது?

1947-இல் லாஸ் ஏஞ்ஜலஸில் டயேன் ஹெண்ட்ரிக்ஸ் என்ற அம்மாள் தம் கையால் ஒரு துணிப் பொம்மை செய்து, அதை ஏழைக் குழந்தைகளுக்கு வழங்கும் ஸ்தாபனம் எதிலாவது கொடுத்துவிட்டு வரும்படி கணவரிடம் சொன்னார். கணவர் கடற்படை வீரர்களான மரீன்களின் ரிஸர்வ் பிரிவில் மேஜர். அவர் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு ஸ்தாபனமே இல்லை என்றார். "இல்லாவிட்டால் நீங்களே ஆரம்பியுங்கள்" என்றாராம் மனைவி. அந்த வருஷம் மேஜரும் அவருடைய சகாக்களும் 5,000 பொம்மைகள் சேகரித்தார்கள். அடுத்த வருஷமே அது தேசம் முழுவதற்கும் பரவிய திட்டமாகிவிட்டது. அதற்கு ரயில் வண்டிச் சின்னம் வரைந்து கொடுத்தவர் வால்ட் டிஸ்னி.

முப்பது வருஷத்துக்கு மேல் அவர்கள் பழைய பொம்மைகளையும் வாங்கி, பழுது பார்த்து, வர்ணம் பூசிக் கொடுத்து வந்தார்கள். 1980 முதல் புதுப் பொம்மைதான் என்று முடிவு செய்தார்கள். வீரர்களின் பயிற்சி நேரம், பொம்மையின் பாதுகாப்பு என்று பல காரணங்கள் சொன்னார்கள். இன்னொரு காரணமும் உண்டு: பிறர் கழித்த பொருள் நம்பிக்கை ஊட்டும் பரிசு ஆகாது. நம் வீட்டுப் பழம் புடவையைத் தானம் செய்துவிட்டுப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்கிற நாம் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

1979-இல் வர்ஜீனியா ராஜ்யத்தில் லிஞ்ச்பர்க் என்ற ஊரில், இரட்சணிய சேனையைச் சேர்ந்த சார்லஸ் வைட்-ஷர்லி வைட் தம்பதிகள், தேவதைப் படம் போட்ட வாழ்த்து அட்டைகளில் ஏழைக் குழந்தைகளின் ஆசைகளை எழுதி, கடைவீதியில் ஒரு கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்டார்கள். வந்தவர்கள் ஆளுக்கு ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு போய், அதில் கண்டதை வாங்கித் தந்தார்கள். கொடுப்பவருக்குக் குழந்தையின் ஆசை தெரியும், முகம் தெரியாது.

தபால் இலாகாவும் இதே பாதைக்குத்தான் வந்து சேர்ந்தது. 2006 முதல் கடிதம் எடுக்க வருகிறவர் தாம் யார் என்று நிரூபித்தாக வேண்டும். பின்னால் கடிதங்களில் குழந்தையின் விலாசத்தையும் மறைத்துவிட்டார்கள். 1899-இல் அடையாளமெல்லாம் ஏழைக்கு. பிரபு இருட்டில் இருந்தார். இப்போது அடையாளம் காட்ட வேண்டியவர் கொடுக்கிறவர். மறைந்திருக்கும் உரிமை வாங்குகிறவருக்கு. கணக்கை உரக்கப் படி, முகத்தை மறை என்ற இந்தச் சின்னப் பாடத்தைக் கற்றுக்கொள்ள, ஒரு பணக்கார தேசத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பந்தி வைத்துப் படம் பிடிக்கும் நம் ஊர்ப் புண்ணியவான்களுக்கு எத்தனை வருஷம் ஆகுமோ!