மின்காந்தத் தண்டவாளத் துப்பாக்கி

மின்காந்தத் தண்டவாளத் துப்பாக்கி என்பது, வெடிமருந்துக்குப் பதிலாக மின்னாற்றலைக் கொண்டு எறியங்களை மிக உயர்ந்த வேகத்தில் செலுத்தும் கருவி ஆகும். வெடிமருந்தால் இயங்கும் பீரங்கிகளில், விரிவடையும் வளிமமே எறியத்தைத் தள்ளுகிறது. எனவே அவற்றின் வேகம் பொதுவாக நொடிக்கு 1.8 கிலோமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது. இக்கருவிக்கு அவ்வரம்பு இல்லை. இந்தியாவில் இதற்கான சோதனைகளைப் புனேயிலுள்ள படைக்கல ஆய்வு மற்றும் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியுள்ளது. இது டி. ஆர். டி. ஓ. அமைப்பைச் சேர்ந்த ஆய்வகம் ஆகும்.

செயற்படும் முறை

இணையான இரண்டு உலோகத் தண்டவாளங்களுக்கு இடையே, மின்கடத்தும் துண்டு ஒன்று எறியத்தின் பின்புறம் வைக்கப்படுகிறது. மின்தேக்கிகளில் சேமித்த ஆற்றல் சில மில்லிநொடிகளில் வெளிவிடப்படும்போது, மின்னோட்டம் ஒரு தண்டவாளம் வழியே சென்று, துண்டைக் கடந்து, மற்றதன் வழியே திரும்புகிறது. அப்போது தோன்றும் காந்தப்புலம் துண்டின் மீது லோரன்சு விசையைச் செலுத்தி, அதனை முன்னோக்கித் தள்ளுகிறது. இவ்விசை மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதாவது, மின்னோட்டம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

வரலாறு

1970களில் ஆஸ்திரேலியாவின் கான்பராவில், 500 மெகா ஜூல் ஆற்றலைச் சேமிக்கும் மின்னாக்கி ஒன்றின் துணையுடன், ஏறத்தாழ 3 கிராம் எறியம் நொடிக்கு 5.9 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. இதன் பின்னரே பல நாடுகள் இத்துறையில் ஈடுபாடு காட்டின. ஐக்கிய அமெரிக்கக் கடற்படை, வர்ஜீனியாவிலுள்ள டால்கிரனில் 2008ஆம் ஆண்டு 10.64 மெகா ஜூல் அளவிலும், 2010ஆம் ஆண்டு 33 மெகா ஜூல் அளவிலும் சோதனைகளை நடத்தியது. எனினும் 2021ஆம் ஆண்டு இத்திட்டத்தை நிறுத்தியது. ஜப்பான் 2023ஆம் ஆண்டு கப்பலிலிருந்து சுட்டுச் சோதித்தது.

இந்தியச் சோதனைகள்

1994ஆம் ஆண்டு புனே ஆய்வகம், 5 கிலோவோல்ட்டில் இயங்கும் 240 கிலோ ஜூல் மின்தேக்கித் தொகுதியைப் பயன்படுத்தி, 3 முதல் 3.5 கிராம் வரையுள்ள எறியங்களை நொடிக்கு 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செலுத்தியது. 2017ஆம் ஆண்டு 12 மில்லிமீட்டர் சதுரத் துளை கொண்ட கருவி சோதிக்கப்பட்டது. 30 மில்லிமீட்டர் துளை கொண்ட கருவி அடுத்த கட்டமாகத் திட்டமிடப்பட்டது. 10 மெகா ஜூல் மின்தேக்கித் தொகுதியின் உதவியுடன் 1 கிலோகிராம் எறியத்தை நொடிக்கு 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செலுத்துவது இதன் இலக்கு ஆகும்.

சிக்கல்கள்

3.5 கிராம் எறியம் நொடிக்கு 2,000 மீட்டர் வேகத்தில் பெறும் இயக்க ஆற்றல் 7 கிலோ ஜூல் ஆகும். இது 240 கிலோ ஜூலில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாக மாறுகிறது. இவ்வெப்பமும், உராய்வும், துண்டுக்கும் தண்டவாளத்திற்கும் இடையே தோன்றும் மின்வில்லும் தண்டவாளங்களை அரிக்கின்றன. தண்டவாளங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால், அவற்றை உறுதியாகப் பிணைக்கவும் வேண்டும். எனவே, இத்துறையில் உயர்ந்த வேகத்தை ஒருமுறை எட்டுவதை விட, ஒரே தண்டவாளத்தைக் கொண்டு அவ்வேகத்தைப் பலமுறை எட்டுவதே கடினமானதாகக் கருதப்படுகிறது.