செத்துப்போன இலவச லேப்டாப்: ஒரு போன், ஒரு பென்டிரைவ் இருந்தா உயிர் வருமா?

"அக்கா, கடைக்காரர் கைவிரிச்சுட்டாருக்கா. ஃபார்மேட் பண்ணாத்தான் ஆன் ஆகுமாம். உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடுமாம்."

பெரம்பூரில் இருந்து சித்தி பையன் போன் பண்ணியபோது மணி ராத்திரி பத்து. அவன் சொன்னது, அவனுடைய அக்கா 2014-ல் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப்பை. அவள் கல்யாணமாகிப் போனதும் அது லாஃப்டுக்குப் போய்விட்டது. இப்போ இவன் பி.சி.ஏ முதல் வருஷம். புதுசு வாங்க வசதி இல்லை என்பதால் பழசை இறக்கித் துடைத்து ஆன் பண்ணியிருக்கிறான். விண்டோஸ் லோகோ வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, மறுபடி ரீஸ்டார்ட் ஆகிறது. அவ்வளவுதான்.

சித்தியின் கவலை வேறு. மூணு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன சித்தப்பா பேசுகிற, பாட்டுப் பாடி கிண்டல் பண்ணுகிற வீடியோக்கள் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கின்றன. "மெஷின் போனாப் போகுது, அதை மட்டும் எடுத்துக் குடுத்துடு கண்ணு" என்றார்.

இப்படி விண்டோஸ் மட்டும் படுத்துவிட்ட லேப்டாப்பைத் திறக்க ஒரு பூட்டபிள் பென்டிரைவ் போதும். ஆனால் அதை உருவாக்க இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றுதான் எல்லா யூடியூப் வீடியோவும் ஆரம்பிக்கும். சித்தி வீட்டில் வேறு கம்ப்யூட்டர் கிடையாது. என் ஆபீஸ் லேப்டாப்பிலோ பென்டிரைவ் செருகவே அனுமதி இல்லை. கையில் இருந்தது ஒரு ஆண்ட்ராய்டு போன். அதிலேயே வேலை முடிந்தது. எப்படி என்று பார்ப்போம்.

சும்மா காப்பி பண்ணினா ஏன் வேலை செய்யாது?

நிறைய பேர் செய்யும் முதல் தப்பு இதுதான். ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு பண்ணி, பாட்டு ஏற்றுவதுபோல பென்டிரைவில் காப்பி பண்ணிவிட்டு, "பூட் ஆகலையே" என்று முழிப்பார்கள்.

ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்க்கின் அச்சு அசல் நகல். சிடிக்களில் ஃபைல்களை எப்படி அடுக்க வேண்டும் என்று 1988-ல் வந்த ஐஎஸ்ஓ 9660 என்ற தர விதியில் இருந்து வந்த பெயர் அது. லேப்டாப் ஆன் ஆனதும், அதன் போர்டில் இருக்கும் பயோஸ் என்ற சின்ன புரோகிராம் டிஸ்க்கின் முதல் பகுதியில் பூட் கோடு இருக்கிறதா என்று தேடும். புது லேப்டாப்களில் உள்ள யூஇஎஃப்ஐ, ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரில் ஒரு குறிப்பிட்ட ஃபைலைத் தேடும். ஐஎஸ்ஓவை ஒரே ஃபைலாகப் போட்டால் இந்த இரண்டுமே அதன் கண்ணில் படாது.

பெரம்பூர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், லோகோ ஒர்க்ஸில் இருந்து ஒரு இன்ஜினைத் தூக்கி கூட்ஸ் வேகனுக்குள் வைத்துவிட்டால் ரயில் ஓடுமா? தண்டவாளத்தில் இறக்கி முன்னால் மாட்ட வேண்டும். ஐஎஸ்ஓவை அப்படியே, பைட் பைட்டாகப் பென்டிரைவின் முதல் இடத்தில் இருந்து எழுதுவதுதான் அந்த மாட்டும் வேலை.

லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் பெரும்பாலும் 'ஹைப்ரிட்' வகை. சிடியிலும் பூட் ஆகும், அப்படியே பென்டிரைவில் எழுதினாலும் பூட் ஆகும். விண்டோஸ் ஐஎஸ்ஓ அப்படி இல்லை. போனை வைத்துச் செய்வதென்றால் லினக்ஸ் என்று முடிவெடுத்தது இதனால்தான்.

லினக்ஸா... அது நமக்கு வருமா?

ஏற்கெனவே வந்த விஷயம்தான், நாம்தான் கவனிக்கவில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு லேப்டாப் போனது. எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த மெஷின்களில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்ற ஒன்றும் சேர்ந்தே இருந்தது. ஆன் பண்ணும்போது எது வேண்டும் என்று கேட்கும். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து 2007-ல் வெளியிட்டது. சென்னை சி-டாக்கில் உருவானது என்பது நம்ம ஊர்ப் பெருமை.

ஆனால் லேப்டாப் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஏரியா கடையில் கொடுத்து, அதை அழித்துவிட்டு 'ஃபுல் விண்டோஸ்' போட்டுக்கொண்டவர்கள்தான் அதிகம். என் வகுப்பில் நாங்களும் அதைத்தான் செய்தோம். சித்தி வீட்டு மெஷினிலும் யாரோ செய்திருந்தார்கள். அந்த லினக்ஸ் அப்படியே இருந்திருந்தால், விண்டோஸ் படுத்த அன்றே அதன் வழியாக உள்ளே போயிருக்கலாம்.

டேட்டா பேக் பத்துமா?

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். கூடவே போனுக்கு ஏற்ற ஓடிஜி அடாப்டர், மொபைல் கடையில் நூறு ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். பிளாட்ஃபாரத்தில் '2 டிபி' என்று சல்லிசாக விற்கும் பென்டிரைவ் பக்கம் போகாதீர்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது சில ஜிபிதான், அதற்கு மேல் எழுதியதெல்லாம் காணாமல் போகும்.

எந்த லினக்ஸ்? பழைய மெஷினில் 2 ஜிபி ரேம்தான் இருந்தது. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு குறைந்தபட்சம் 2 ஜிபி ரேமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. பார்க்க விண்டோஸ் மாதிரியே இருப்பதால் புதியவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். இன்னும் லேசாக வேண்டும் என்றால் லுபுண்டு அல்லது ஆன்டிஎக்ஸ்.

மின்ட் ஐஎஸ்ஓ சுமார் 3 ஜிபி. தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவர்களுக்கு இங்கேதான் இடிக்கும். பாதியில் டேட்டா தீர்ந்தால் டவுன்லோடை பாஸ் பண்ணிவிட்டு, நள்ளிரவு தாண்டி புது டேட்டா வந்ததும் தொடரலாம். இல்லையென்றால் வைஃபை இருக்கும் நண்பன் வீடு. எப்போதுமே அந்த லினக்ஸின் சொந்த தளத்தில் இருந்து மட்டும் எடுங்கள். டெலிகிராம் சேனலில் வரும் ஐஎஸ்ஓவில் யார் என்ன சேர்த்தார்கள் என்று தெரியாது. டவுன்லோடு முழுசா வந்ததா என்று பார்க்க, அதே தளத்தில் 'ஷா256' என்ற நீளமான எண் கொடுத்திருப்பார்கள். போனில் ஒரு ஹேஷ் செக்கர் ஆப்பில் ஐஎஸ்ஓவைக் கொடுத்து, வரும் எண்ணோடு ஒப்பிட்டால் போதும். ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி டவுன்லோடுதான்.

போனில் எழுதுவது

ஆப்பின் பெயர் எட்ச்டிராய்டு. ப்ளே ஸ்டோரிலும் எஃப்-டிராய்டிலும் இலவசம், போனை ரூட் பண்ணத் தேவையில்லை. ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான், ஐபோன் வைத்திருப்பவர்கள் நண்பர் போனைக் கடன் வாங்குங்கள்.

ஆப்பைத் திறந்து ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓடிஜியில் பென்டிரைவைச் செருகினால் அனுமதி கேட்கும், கொடுக்க வேண்டும். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும் என்று எச்சரிக்கும். அது உண்மை, ஒன்று விடாமல் அழியும். எழுதும் நேரம் பென்டிரைவின் வேகத்தைப் பொறுத்தது, எனக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. போன் சார்ஜ் நிறைய இருக்கட்டும், ஏனென்றால் பென்டிரைவுக்கும் கரன்ட் போனில் இருந்துதான் போகிறது. யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகாமல் நேராகச் செருகுங்கள். நடுவில் கேபிளை ஆட்டினால் திரும்ப முதலில் இருந்து.

முடிந்ததும் சில போன்கள் "இந்த டிரைவை ஃபார்மேட் பண்ணவா?" என்று கேட்கும். போனுக்கு அந்த ஃபைல் அமைப்பு புரியவில்லை, அவ்வளவுதான். ஓகே கொடுத்துவிடாதீர்கள், செய்ததெல்லாம் வீணாகும்.

பூட் மெனு எங்கே இருக்கு?

லேப்டாப்பை முழுசாக ஆஃப் பண்ணி, பென்டிரைவைச் செருகி, ஆன் பண்ணியதுமே ஒரு கீயைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லெனோவோ, டெல் என்றால் எஃப்12. எச்பி என்றால் எஸ்கேப், பிறகு எஃப்9. ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் எஃப்2 தட்டி பயோஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் எனேபிள் பண்ண வேண்டும். வரும் பட்டியலில் பென்டிரைவ் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சரி.

பென்டிரைவ் பெயரே வரவில்லையா? வேறு யூஎஸ்பி போர்ட்டில் போட்டுப் பாருங்கள். பயோஸில் யூஎஸ்பி பூட் அணைக்கப்பட்டிருக்கலாம். மின்ட், உபுண்டு, டெபியன் மூன்றும் செக்யூர் பூட் ஆனில் இருந்தாலே ஓடும், அதை அணைக்க அவசரப்பட வேண்டாம்.

முதல்ல காப்பி, அப்புறம்தான் இன்ஸ்டால்

பென்டிரைவில் இருந்து மின்ட் ஏறியதும் நேராக டெஸ்க்டாப் வரும். இதற்கு 'லைவ்' என்று பெயர். ஹார்டு டிஸ்க்கில் எதையும் தொடாமல் முழு சிஸ்டமும் ரேமிலும் பென்டிரைவிலுமாக ஓடும். ஃபைல் மேனேஜரைத் திறந்தால் இடது பக்கத்தில் விண்டோஸ் இருக்கும் டிஸ்க் தெரியும். அதற்குள் யூசர்ஸ், அதற்குள் பெயர், அதற்குள் வீடியோஸ். இன்னொரு போர்ட்டில் வேறு பென்டிரைவ் போட்டு காப்பி பண்ணிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. புதிய விண்டோஸ் லேப்டாப்களில் டிஸ்க்கே பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம். அப்போது ரெகவரி கீ கேட்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அது சேமிக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கில் இருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மெஷினை உடனே ஆஃப் பண்ணிவிடுங்கள். அது சாஃப்ட்வேர் பிரச்னை இல்லை, டேட்டா ரெகவரி தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

டெஸ்க்டாப்பிலேயே 'இன்ஸ்டால்' ஐகானும் இருக்கும். அதில் 'எரேஸ் டிஸ்க்' என்று ஒரு வழி வரும். கல்லூரி நாளில், ரொம்பத் தெரிந்தவள் மாதிரி அதைப் படிக்காமலே கிளிக் பண்ணினேன். என் அக்காவின் கல்யாண போட்டோக்கள் மொத்தமும் போயின. ஆல்பத்தில் இருக்கும் முப்பது படங்கள்தான் இப்போது மிச்சம். அக்கா இன்றைக்கும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஆகவே காப்பி பண்ணிய ஃபைல்களை வேறு ஒரு போனில் திறந்து பார்த்த பிறகுதான் இன்ஸ்டால் பக்கம் போக வேண்டும்.

சித்தி வீட்டு லேப்டாப்பில் பதினோரு வீடியோக்கள் இருந்தன. ஒன்பது முழுசாக வந்தன. இரண்டு பாதியில் நின்றுவிடுகின்றன, டிஸ்க்கின் அந்தப் பகுதி கெட்டுப்போயிருக்க வேண்டும். சித்தி ஒன்பதையும் போனில் போட்டுப் பார்த்தார். மூணாவது வீடியோவில் குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவே சித்தப்பா அவரைக் கூப்பிடுகிறார். "இதை நான் எடுக்கவேயில்லையே, யார் எடுத்தா?" என்று மட்டும் கேட்டார்.

விண்டோஸ்தான் வேணும்னா?

சில பேருக்கு வேண்டியிருக்கும். பி.காம் படிக்கிறவர்களுக்கு டேலி விண்டோஸில்தான் ஓடும். அதற்கு போன் வழி சரிவராது, எங்கேயாவது ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் ரூஃபஸ் அல்லது மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் பயன்படுத்துங்கள். விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் ஒரு ஃபைல் பல நேரம் 4 ஜிபியைத் தாண்டும். வழக்கமான ஃபேட்32 பென்டிரைவ் அதை ஏற்காது, அந்தச் சிக்கலை இந்த டூல்களே சமாளிக்கும். வென்டாய் என்று இன்னொன்று இருக்கிறது. ஒருமுறை அதை ஏற்றிவிட்டால், பிறகு எத்தனை ஐஎஸ்ஓ வேண்டுமானாலும் சும்மா காப்பி பண்ணிப் போடலாம், பூட் ஆகும்போது எது வேண்டும் என்று கேட்கும். எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆனால் எந்த விண்டோஸ்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 சிப்பும் வேண்டும். 2014 மெஷினில் இந்த ரேம் கிடையாது, டிபிஎம் 2.0-வும் இருக்காது. கடையில் போட்டுத் தரும் 'கிராக்' விண்டோஸ் ஓடும்தான். அதை ஆக்டிவேட் பண்ண ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு என்ன ஓட்டினார்கள் என்பது நமக்குத் தெரியாது. அதே மெஷினில்தான் யூபிஐ, பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் போடப்போகிறோம்.

தம்பி மின்ட்டையே இன்ஸ்டால் பண்ணிக்கொண்டான். வைஃபை முதலில் எடுக்கவில்லை. போனை கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணியதும் நெட் வந்தது, அதை வைத்து வைஃபை டிரைவரையும் இறக்கிக்கொண்டான். பைத்தான் ஏற்கெனவே உள்ளே இருந்தது, அசைன்மென்ட் டைப் பண்ண லிப்ரே ஆபீஸும். குரோமில் பத்து டேப் திறந்தால் மூச்சு வாங்குகிறது. 2 ஜிபி ரேமிடம் அதற்கு மேல் கேட்க முடியாது. ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால் பழைய ரேம் ஒன்று ரிச்சி தெருவில் தேடலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகாதே, முக்கால்வாசிக் கடை மூடியிருக்கும் என்றும்.

வேலை முடிந்த பென்டிரைவை மறுபடி பாட்டு, படம் ஏற்றப் பயன்படுத்த வேண்டுமா? போனில் செருகி, இப்போது அது கேட்கும் ஃபார்மேட்டுக்கு ஓகே கொடுத்தால் பழையபடி ஆகிவிடும். தம்பி இன்னும் பண்ணவில்லை. பக்கத்துத் தெரு ஃப்ரெண்டு வீட்டு லாஃப்டிலும் ஒன்று இருக்கிறதாம்.