முதலாளி இல்லாத கடை

உரிமையாளர் கடைக்கு வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது சிறுவணிகர் அனைவரும் அறிந்த அச்சம். சாவியும் அவரிடம், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்கிற அறிவும் அவரிடம். அவர் நோயில் விழுந்தால் கடையும் விழும். இதிலிருந்து மீளும் வழிகளை மேலாண்மை நூல்கள் இன்று புதிய கண்டுபிடிப்புகளைப் போல விளக்குகின்றன. ஆனால் முதலாளி செட்டிநாட்டில் இருக்க, கடை இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் நடந்த காலம் ஒன்று நம்மிடையே இருந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் அந்த ஏற்பாட்டை அவர்களுடைய செல்வத்தின் கதையாகவே நாம் பெரும்பாலும் வாசித்திருக்கிறோம். ஒரு தொழில் தன் உரிமையாளரைச் சாராமல் நிற்கக் கற்றுக்கொண்ட கதையாகவும் அதை வாசிக்க முடியும்.

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் பர்மா அரிசிக்கு உலகச் சந்தை விரிந்தது. ஐராவதிக் கழிமுகத்துக் காடுகள் வயல்களாயின. காடு திருத்தவும் மாடு வாங்கவும் விதை நெல்லுக்கும் பர்மிய விவசாயிக்குப் பணம் தேவைப்பட்டது. மேனாட்டு வங்கிகளோ கிராமத்துக்குள் நுழையவில்லை. அந்த இடைவெளியில் நகரத்தார் நுழைந்தனர். 1929-30இல் ஆய்வு செய்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும் அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. இத்தனை கடைகளின் கல்லாவிலும் முதலாளியே உட்கார்ந்திருக்க இயலுமா? பலர் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் சுற்றுவட்டச் சிற்றூர்களிலும் தம் வளவுகளில் இருந்தபடியே தொழில் நடத்தினர்.

இதைச் சாத்தியமாக்கியவற்றுள் முதலாவது, ஆளை உருவாக்கும் முறை. கடைக்குள் நுழையும் சிறுவன் பெட்டியடிப் பையன். பெட்டியருகே இருந்து எடுபிடி வேலை செய்துகொண்டே கணக்கெழுதப் பழகுவான். தேறியவன் அடுத்தாளாவான். அடுத்தாளாகச் சில காலம் இருந்து, கடன் வாங்க வருபவனின் முகத்தையும் நிலத்தையும் எடைபோடக் கற்றவன் மேலாளாவான். மேலாளுக்கு முதலாளியின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம் உண்டு. கடன் கொடுப்பது, வசூலிப்பது, வழக்குத் தொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆக, முதலாளியின் தலைக்குள் இருந்த அறிவு அவரோடு முடியாமல் படிப்படியாகக் கைமாறியது. திறமையான மேலாள் பின்னாளில் தானே கடை வைத்து முதலாளியாவதும் இயல்பாக நடந்தது.

இரண்டாவது, தவணை. கொண்டுவிற்கப் போகிறவருக்குப் பொதுவாக மூன்றாண்டுக் காலம் வரையறுக்கப்பட்டிருந்தது. சம்பளம் முன்கூட்டியே பேசி முடிவாகும். அதில் ஒரு பகுதி ஊரிலுள்ள குடும்பத்துக்குப் போய்ச் சேரும். இலாபத்திலும் மேலாளுக்குப் பங்குண்டு. தவணை முடிந்ததும் அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு அவர் ஊர் திரும்ப வேண்டும். இந்த ஒப்படைப்பில்தான் முறையின் உயிர் இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. வேறொருவர் வந்து தன் ஏட்டைப் பிரித்துப் படிக்கப்போகிறார் என்று அறிந்தவர், பிறருக்கும் விளங்கும்படிதான் எழுதியாக வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாறுவதால் எந்த ஒரு தனிமனிதரும் கடைக்கு இன்றியமையாதவராகிவிட முடியாது. முதலாளியைச் சாராத கடை, மேலாளைச் சார்ந்ததாகவும் ஆகிவிடாமல் காத்தது இந்தத் தவணைதான்.

மூன்றாவது, எழுத்து. குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று கணக்கு ஒழுங்காக வகுக்கப்பட்டிருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து கடிதங்களும் கணக்கு நகல்களும் ஊருக்கு வந்துகொண்டிருந்தன. முதலாளி கடையைக் கண்ணால் காணவில்லை, படித்தறிந்தார்.

நான்காவது, விலாசம். பாட்டன், தந்தை, மகன் என முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைந்த பெயரே கடையின் பெயர். ஒரு மனிதர் இறந்தாலும் அந்த எழுத்துக்கோவை இறப்பதில்லை. சந்தையில் நாணயம் விலாசத்துக்கே உரியது.

இவை நான்கும் தாமாக நின்றுவிடவில்லை. அவற்றைத் தாங்கிப் பிடித்தது சமூகக் கட்டு. இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களுக்குள் ஒவ்வொரு குடும்பமும் அடங்கியிருந்தது. மணமான ஒவ்வோர் ஆணும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. இரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். கையாடல் செய்த மேலாளுக்கு வேலை மட்டும் போவதில்லை. வேறு கடையிலும் இடம் கிடைக்காது, குடும்பத்தின் பெயரும் கெடும். முதலாளியின் கண்காணிப்பு இருந்த இடத்தில் ஊராரின் கண்காணிப்பு வந்து அமர்ந்தது என்பதே உண்மை. அந்த வட்டத்துக்கு வெளியே பிறந்தவருக்கு மேலாளாகும் வாய்ப்பு அரிது என்பதையும் இங்கே மறைக்கக் கூடாது.

இதற்கான விலையைக் கொடுத்தவர்கள் யார்? கணவனைக் கப்பலேற்றிவிட்டு மூன்றாண்டுகள் காத்திருந்த பெண்கள். தந்தையின் முகம் மறந்து வளர்ந்த பிள்ளைகள். கணக்கேடுகளில் இவர்களுக்குப் பற்றும் இல்லை, வரவும் இல்லை. அக்கரை வாழ்வின் மறுபக்கத்தை அறிய நாம் இலக்கியத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் வேலைக்காக மைடான் சென்ற ப. சிங்காரம் ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) என்ற இரு நாவல்களில் அந்தக் கடைகளையும் கிட்டங்கிகளையும் அங்கே வாழ்ந்த இளைஞர்களையும் நமக்கு விட்டுச் சென்றார்.

இத்தனை உறுதியான ஏற்பாடு உடைந்த இடமும் ஆராயத்தக்கது. பணம் கைமாறக்கூடிய பொருள். கடனாகக் கொடுக்கலாம், வசூலிக்கலாம், உண்டியலில் ஊருக்கு அனுப்பலாம், மூன்றாண்டு முடிவில் ஐந்தொகை போட்டு ஒப்படைக்கலாம். நகரத்தார் முறை அப்படிப்பட்ட பொருளுக்காக அமைந்தது. 1930இல் நெல் விலை சரிந்தது. கடன்பட்ட விவசாயியிடம் பணம் இல்லை, நிலம்தான் இருந்தது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938இல் சுமார் 25 விழுக்காடாக உயர்ந்தது. விரும்பி வாங்கிய நிலமன்று; வாராக்கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்த நிலம். ஆனால் நிலத்தை இழந்த பர்மியனுக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டா? நிலத்துக்குக் கண்ணெதிரே நிற்கும் உடையவன் வேண்டும். அங்கே இருந்ததோ கடலுக்கு இக்கரையில் ஒரு விலாசம். அக்கரையில் தவணைக்கு வந்த ஒரு மேலாள். ஏட்டில் எல்லாம் தெளிவாகவே இருந்தது. வயல்வரப்பில் திரண்ட கசப்பை எழுத மட்டும் ஏட்டில் பத்தி இருக்கவில்லை. 1942இல் ஜப்பானியர் வந்தனர். இந்தியர் இலட்சக்கணக்கில் வெளியேறினர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் இயற்றியது.

ஆயினும் முறை முற்றிலும் அழியவில்லை. 1937 பிப்ரவரி 10 அன்று மு.சி.த.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் கதவு திறந்தது. விலாசத்தின் இடத்தில் பொது நிறுவனத்தின் பெயர். சாதியாரின் இடத்தில் பங்குதாரர்களும் ஊழியர்களும். 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். வங்கி நடந்துகொண்டிருந்தது, 1969இல் தேசியமயமான பதினான்கு வங்கிகளுள் அதுவும் ஒன்று.

முதலாளி இல்லாமலே கடை நடக்க வேண்டுமானால் அறிவு ஆளிலிருந்து ஆளுக்கு இறங்க வேண்டும், ஏடு பிறருக்கும் விளங்க வேண்டும், பொறுப்பு காலவரையறையோடு கைமாற வேண்டும். அந்தக் கடைகள் இவற்றைச் செய்து காட்டின. அன்றாட வேலையிலிருந்து விலகிய உரிமையாளர், தன் பணம் எங்கே எவரைத் தொடுகிறது என்று அறியும் கடமையிலிருந்தும் விலகிவிடலாமா என்பது பர்மா நமக்கு விட்டுச்சென்ற கேள்வி. முந்தையதை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். பிந்தையதையும் சேர்த்து நினைத்தால்தான் அந்த வரலாறு முழுமை பெறும்.