பெல் தேற்றம் எதை மறுக்கிறது?

2022இல் அலென் அஸ்பே, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் ஆகிய மூவரும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றபோது, பிரபஞ்சம் மெய்யானதன்று என்பதே அவர்களுடைய சோதனைகளின் முடிவு என்பதுபோல் பல செய்திக் கட்டுரைகள் எழுதப்பட்டன. அச்சோதனைகளிலிருந்து அந்த முடிவு பெறப்படவில்லை. அவை தகர்த்தது, ஓரிடத்து நிகழ்வு தொலைவிலுள்ள இன்னொன்றை ஒளியின் வேகத்தை விஞ்சிப் பாதிக்க முடியாது என்னும் கொள்கையையே. இதை இடச்சார்புக் கொள்கை எனலாம்.

1935இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் முன்வைத்த வாதத்தைப் பிற்காலத்தில் டேவிட் போம் தந்த வடிவில் பார்ப்பது எளிது. இரு துகள்கள் ஒரே மூலத்திலிருந்து எதிரெதிரே பிரிகின்றன. ஒரே திசையில் அளந்தால் அவற்றின் தற்சுழற்சிகள் எப்போதும் எதிரெதிராகவே அமைகின்றன. இங்கே செய்த அளவீடு அங்குள்ள துகளைத் தொடவே இல்லையென்றால், விடைகள் இரண்டும் முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். முன்தீர்மானம் என்பது இங்கே தனியான எடுகோள் அன்று. இடச்சார்பிலிருந்து வருவிக்கப்பட்ட முடிவு. பிற்கால விளக்கங்களில் பெரும்பாலானவை நழுவவிட்ட புள்ளி இதுதான்.

1964இல் ஜான் பெல் அடுத்த அடியை எடுத்துவைத்தார். வெவ்வேறு கோணங்களில் அளக்கும்போது, முன்தீர்மானித்த விடைகளால் குவாண்டம் இயங்கியல் கணிக்கும் தொடர்புகளைத் தர இயலாது என்று நிறுவினார். கிளாசரும் பிறரும் 1969இல் தந்த வடிவத்தில், நான்கு தொடர்பளவுகளின் ஒரு சேர்க்கை 2ஐத் தாண்டக் கூடாது. குவாண்டம் இயங்கியலோ சுமார் 2.83 வரை அனுமதிக்கிறது. 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், சுமார் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைத்த இரு வைரங்களிலுள்ள எலக்ட்ரான்களைக் கொண்டு நடந்த சோதனையில் கிடைத்த மதிப்பு 2.42. ஒளி அத்தூரத்தைக் கடக்க நான்கு மைக்ரோவினாடிக்குச் சற்று அதிகமாகும். அதற்குள் திசைத் தேர்வும் அளவீடும் முடிந்துவிட்டன.

ஆக, இடச்சார்பு முன்தீர்மானத்தைக் கோருகிறது. முன்தீர்மானமோ சோதனையோடு முரண்படுகிறது. விழுவது இடச்சார்பு. மெய்ம்மையைக் கைவிட்டு இடச்சார்பைக் காப்போம் என்பவர்கள், ஒரே திசையில் அளக்கும்போது விடைகள் ஒருமுறைகூடப் பிசகாமல் எதிரெதிராக வருவது எப்படி என்று விளக்கக் கடமைப்பட்டவர்கள்.

மெய்ம்மை தப்பிப் பிழைக்கும் என்பதற்கு 1952இல் வெளியான போமின் கோட்பாடே சான்று. அதில் துகள்களுக்கு எக்கணமும் திட்டமான இருப்பிடம் உண்டு. சார்பியல் சாராத குவாண்டம் இயங்கியலின் கணிப்புகள் அனைத்தும் கிடைக்கின்றன. குவாண்டம் நிலை சொல்லாத இத்தகைய கூடுதல் மதிப்புகள், அதாவது மறைமாறிகள், சாத்தியமில்லை என்று 1932இல் ஃபான் நாய்மன் தந்த நிறுவலின் குறையை கிரெட்டே ஹெர்மன் 1935இலேயே சுட்டிக்காட்டினார். அவர் குரலுக்குப் பல பத்தாண்டுகள் எவரும் செவிசாய்க்காதது இத்துறைக்கு நேர்ந்த பெரும் இழப்பு என்றே கருதுகிறேன்.

வேறு வழிகளும் உள்ளன. ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரே விடை என்பதை மறுக்கும் பல்லுலகக் கோட்பாடு கவனமான ஆய்வுக்குரியது. அளவீட்டுத் திசைகளின் தேர்வே துகள்களின் நிலையோடு முன்கூட்டிப் பிணைந்தது என்னும் வாதம், சோதனை என்னும் முறையின் அடித்தளத்தையே அரிக்கிறது. அதை ஏற்கத் தயங்குகிறேன்.

இடச்சார்பின்மையைக் கொண்டு செய்தி அனுப்ப முடியாது. ஆகவே சார்பியலோடு வெளிப்படையான மோதல் இல்லை. ஆயினும் இறுக்கம் தீரவில்லை. தொலைவிலுள்ள துகள்களை ஒரே கணத்தில் இணைக்கும் போமின் சமன்பாட்டுக்கு, எது ஒரே கணம் என்று சொல்லும் தனிச்சிறப்பான சட்டகம் ஒன்று வேண்டும். அதை எந்த அளவீடும் காட்டிக்கொடுக்காது. அச்சட்டகம் இல்லாமலே இடச்சார்பற்ற கோட்பாடு ஒன்றைச் சார்பியலுக்குள் முழுமையாக அமைக்க முடியுமா என்பதே இன்று உழைப்பைக் கோரும் கேள்வி.