திரையின் விரைவும் எழுத்தின் வரிசையும்

பெங்களூரில் என் ஆய்வுக்காகத் தமிழ்த் தரவுத்தொகுப்பு ஒன்றைத் திரட்டி வருகிறேன். 2000-ஆம் ஆண்டையொட்டிய கோப்புகள் உரிய எழுத்துரு இன்றிப் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகவே விரிகின்றன. எழுத்துரு கிடைத்தாலும், அவற்றை அப்படியே அகரவரிசைப்படுத்த இயலாது. இதன் காரணம், திரை எழுத்தை வரையும் முறையில் இருக்கிறது.

'கொ' என்பதைத் திரை மூன்று வடிவங்களாக வரைகிறது: ஒற்றைக்கொம்பு, ககரம், கால். அக்கால மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரு குறிக்கு ஒரு வடிவம் என்றே வரைந்தன. வடிவங்களை வரிசைமாற்றும் திறன் அவற்றுக்கு இல்லை. சிடாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டை அவ்வேலையைத் தனி வன்பொருளிடம் ஒப்படைத்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் குறியேற்றங்களோ கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமித்தன. வரைவது எளிதாயிற்று. ஆனால் 'கொடி' என்னும் சொல் ககரத்தில் தொடங்காமல் கொம்பில் தொடங்கியது.

1991-இல் வெளிவந்த யூனிகோடு ஒலிப்பு வரிசையைக் காத்தது. வடிவமைக்கும் சுமை இயங்குதளத்தின் மேல் விழுந்தது. விண்டோஸ் 2000 அதனை ஏற்றுச் செய்தது. சுமை மிகுதி என்ற வாதமும் தொடர்ந்தது. ஓர் எழுத்துக்கு ஒரு குறி வழங்கும் டேஸ் 16 முறையை ஆதரித்தோர் செயலாக்க விரைவையும் ஒரு காரணமாகக் காட்டினர். 2010-இல் அரசு யூனிகோடோடு அதனையும் தரமாக அறிவித்தது.

விரைவுச் சிக்கலுக்கோ வேறு வழி முன்பே இருந்தது. 1970-களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டான் இங்கால்ஸ் உருவாக்கிய பிட்பிளிட், வரைந்த பரப்பை அப்படியே நகர்த்தியது. பக்கத்தை உருட்டினால் புதிதாய் வெளிப்படும் பட்டையை மட்டும் வரைந்தால் போதும். இன்றைய ஃபயர்பாக்ஸும் குரோமும் ஒருமுறை வடிவமைத்த சொல்லை நினைவில் வைத்து மறுமுறை எடுத்தாளுகின்றன. செய்த வேலையை மீண்டும் செய்யாமையே மீள்வரைதலின் விரைவு. எழுத்தின் வரிசையை மாற்றுவதன்று.

திரையின் மந்தம் சில ஆண்டுகளில் தீர்ந்தது. அதற்காக எழுத்தில் செய்துகொண்ட சமரசம் ஆவணங்களில் தங்கிவிட்டது. ஆய்வு மாணவர்கள் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது மூலக்கோப்பையும் அதன் எழுத்துருவையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும். மாற்றத்தில் நேரும் பிழையைச் சரிபார்க்க அவையே சான்று.